கடல் இல்லாத ஊரில் கடலைவிடக் கரிக்கும் நீர்: கழிவு உவர்நீரை மறுபடி பயன்படுத்துவது எப்படி?

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கேட்கும் கேள்வி, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு செலவு என்பதுதான். அந்த ஒரு லிட்டரோடு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் அடர்ந்த உப்புநீரும், அதாவது உவர்நீரும், வெளியே வருகிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். 2019 தொடக்கத்தில் ஐ.நா. பல்கலைக்கழகம் வெளியிட்ட கணக்குப்படி, உலகின் உப்புநீக்கு ஆலைகள் நாளொன்றுக்கு 9.5 கோடி கனமீட்டர் நல்ல நீரைத் தருகின்றன, 14.2 கோடி கனமீட்டர் உவர்நீரை வெளியே தள்ளுகின்றன. சென்னையை ஒட்டிய மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் அது கடலுக்கே திரும்பிப் போகிறது.

வேலூருக்குக் கடல் கிடையாது. ஆனாலும் இந்த உவர்நீரோடு தமிழ்நாட்டில் அதிகம் மல்லுக்கட்டிய பகுதிகளில் பழைய வட ஆற்காடு மாவட்டம் முதல் வரிசையில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஷாப்புகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவுநீர், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. சவ்வுகள் (அழுத்தத்தில் நீரைக் கடத்தி உப்பைத் தடுப்பவை) வழியாகப் போகிறது. சவ்வு தள்ளிவிடும் ரிஜெக்ட் நீர் பல இடங்களில் கடல்நீரைவிட அடர்த்தியானது. கடலோர ஆலைக்குக் குழாயைக் கடலில் விட ஒரு வழியாவது உண்டு. இங்கே விடுவதற்குப் பாலாற்று மணல்தான் இருக்கிறது, அதன் அடியில்தான் ஊர்க் கிணறுகளின் ஊற்று இருக்கிறது.

உவர்நீர் பொருளாகுமா, சுமையாகுமா என்பதை அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை. எது எதோடு, எந்தக் கட்டத்தில் கலந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. கடல் உவர்நீரையும் தோல் ஷாப்பு உவர்நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

கடல் உவர்நீரில் என்ன இருக்கிறது

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் குளோரைடு 19 கிராம், சோடியம் 10.7, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4 கிராம், மிகச் சிறிதளவு புரோமைடு. உலகின் பெருங்கடல்களில் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆலை 40 முதல் 45 விழுக்காடு நீரை எடுத்துக்கொண்டால், மிச்சமுள்ள உவர்நீரில் லிட்டருக்கு 60 கிராம் வாக்கில் உப்பு இருக்கும். நேற்று வந்த உவர்நீரும் அடுத்த மாதம் வரப்போகும் உவர்நீரும் ஒன்றே. மறுபயன்பாட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

உப்பளக்காரர்கள் நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியை வைத்து இந்த நீரை அளப்பார்கள். கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி. பாத்திகளில் காயக் காய முதலில் சுண்ணாம்புக் கார்பனேட் படியும். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) இறங்கத் தொடங்கும். 25 டிகிரியைத் தாண்டியதும் சாப்பாட்டு உப்பு மணி கட்டும். 29, 30 டிகிரிக்கு மேல் மிஞ்சுவது மக்னீசியம் நிறைந்த கசப்பு நீர். உப்பு மணி கட்டுவதற்குக் கடல்நீரின் கொள்ளளவு பத்தில் ஒன்றாகச் சுருங்க வேண்டும், அதாவது நூறு பங்கில் தொண்ணூறு ஆவியாக வேண்டும். ஆலையின் உவர்நீர் ஏற்கனவே கிட்டத்தட்டப் பாதியளவு சுருங்கி வருவதால், அந்தத் தொண்ணூறில் நாற்பது முதல் நாற்பத்தைந்து பங்கு வேலை முடிந்துவிட்டது. முதல் கட்டப் பாத்திகளின் பெரும் பரப்பு மிச்சம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சவ்வில் படிவு கட்டாமலிருக்க ஆலையில் போடும் பாஸ்பனேட் வகை மருந்து உவர்நீரோடு வெளியேறுகிறது. ஜிப்சம் படிவதைத் தாமதப்படுத்துவதே அந்த மருந்தின் வேலை. ஜிப்சம் பாத்தியில் இறங்காமல் தப்பி உப்புப் பாத்திக்கு வந்துவிட்டால் உப்பின் தரம் கெடும்.

அப்படியானால் எல்லா உவர்நீரையும் உப்பாக்கிவிடலாமே என்று தோன்றும். நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஓர் ஆலை சுமார் 24 கோடி லிட்டர் கடல்நீரை இழுக்கிறது. அதில் உள்ள உப்புகளின் எடை நாளுக்கு 8,000 டன்னைத் தாண்டும், ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் சாப்பாட்டு உப்பு. ஒரே ஆலையின் உப்பே சந்தையைத் திணறடிக்கும். ஆகவே கடலோரத்தில் உவர்நீரின் ஒரு பகுதியை மட்டும் உப்புக்கும் மக்னீசியத்துக்கும் எடுத்துவிட்டு, மீதியை விசிறு முனைகள் வழியாகக் கடலில் பரவலாக விடுவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

மக்னீசியத்தில் ஆம்பூருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. உவர்நீரின் பி.எச். அளவைக் காஸ்டிக் சோடாவால் 10.5 அளவுக்கு உயர்த்தினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு வெண்ணிறக் கூழாகப் படியும். அதைச் சுட்டால் மக்னீசியம் ஆக்சைடு. குரோமிய உப்பால் தோலைப் பதப்படுத்தும் குரோம் பதனிடலின் கடைசியில் குரோமைத் தோலில் நிலைநிறுத்த, தோல் எடையில் அரை விழுக்காட்டுக்குள் போடும் பொடி இதுதான். கழிவு குரோம் நீரிலிருந்து குரோமை மீட்கவும் இதே பொடியே உதவுகிறது. காஸ்டிக்குக்குப் பதில் சுண்ணாம்பு போட்டால் செலவு குறையும், ஆனால் அதன் கால்சியம் கடல்நீரின் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகிக் கூழோடு கலக்கும். இதிலும் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். நூறு டன் தோலுக்கு அரை டன் பொடி போதும். மேலே சொன்ன ஆலையின் உவர்நீரிலோ நாளுக்கு 500 டன் மக்னீசியம் ஆக்சைடுக்குரிய மக்னீசியம் இருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகள் அத்தனையும் வாங்கினாலும் அதில் ஒரு சிறு துளிதான் தீரும்.

உவர்நீரையே லாரியில் வேலூருக்குக் கொண்டுவருவதோ வீண் வேலை. ஒரு டன் உப்புக்காக 15 டன் தண்ணீரைச் சுமக்க வேண்டியிருக்கும்.

பாலாற்றங்கரை உவர்நீர் எப்படிப் பிறக்கிறது

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. 2025 ஜனவரியில் பாலாற்றுப் பாதிப்புக்கான இழப்பீடு குறித்து அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் தோல் கழிவுநீருக்கு உயிரியல் சுத்திகரிப்பு வந்தது, பிறகு சவ்வு வந்தது, பிறகு ஆவியாக்கி வந்தது. உயிரியல் சுத்திகரிப்பு அழுக்கைத் தின்னும், உப்பைத் தொடாது. உள்நாட்டு நீர்நிலையில் விடக்கூடிய கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மி.கி. தாண்டக் கூடாது என்று விதி. தோல் கழிவுநீர் அதைப்போல் பல மடங்கு. சவ்வு இல்லாமல் வேறு வழியில்லை என்ற நிலை அப்படித்தான் வந்தது.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். நாளுக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர், அதில் உப்பு லிட்டருக்கு 10 கிராம். ஆர்.ஓ. 80 விழுக்காடு மீட்டால் 8 லட்சம் லிட்டர் தண்ணீர் ஷாப்புகளுக்குத் திரும்பும். மிச்சமுள்ள 2 லட்சம் லிட்டரில் லிட்டருக்கு 50 கிராம் உப்பு. முழுவதும் ஆவியாக்கினால் நாளுக்கு 10 டன் உப்பு, 300 வேலை நாளில் 3,000 டன். வாங்க ஆளில்லாததால் மூட்டைகளில் கட்டிக் கொட்டகையில் அடுக்குவார்கள். தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்லும்போது அது உப்பு மூட்டையாக வேடம் மாறி நிற்கிறது. மழையில் ஒழுகும் ஒரு கொட்டகை, ஆண்டுக்கணக்கில் செய்த வேலையை ஒரே பருவத்தில் கிணற்றுக்குள் திருப்பி அனுப்பிவிடும். கழிவைச் சேர்த்து வைப்பதே ஆபத்து என்பதற்கு வேறு விதத்தில் ஒரு கொடிய சான்றும் இந்த மண்ணில் உண்டு: 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ வளாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் உயிரிழந்தார்கள்.

இந்த உப்பை ஏன் யாரும் வாங்குவதில்லை? அது ஒற்றை உப்பாக இல்லை என்பதே முதல் காரணம். குளோரைடு எங்கிருந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்: பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை தூவும் உப்பு, பிறகு பிக்கிள் போடும்போது, அதாவது பதனிடுவதற்கு முன் தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் விடும்போது, சேர்க்கும் உப்பு. சல்பேட் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாமல் ஐந்து வழிகளில் நுழைகிறது. பிக்கிளில் ஊற்றும் கந்தக அமிலம் ஒன்று. குரோம் பொடி இன்னொன்று. அதன் எடையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு சோடியம் சல்பேட்தான். முடி நீக்கும்போது தோலில் ஏறிய சுண்ணாம்பை நீக்கப் போடும் அம்மோனியம் சல்பேட் மூன்றாவது. சிந்தெட்டிக் டேனின் (செயற்கைப் பதனிடு பொருள்) பொடிகளில் எடை கூட்டக் கலந்திருக்கும் சோடியம் சல்பேட் நான்காவது. முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு, சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று பட்டுச் சல்பேட்டாக மாறுவது ஐந்தாவது. சுண்ணாம்புக் குழியின் கால்சியம், கரிம நிறம், கொஞ்சம் குரோம் ஆகியவையும் சேரும்போது, ஆவியாக்கியின் அடியில் விழுவது பழுப்பு நிறக் கலவை. தோலுக்கும் உதவாது, சாயத்துக்கும் உதவாது.

திருப்பூரோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே சாயத் தொட்டியில் போடும் உப்பைச் சோடியம் சல்பேட் என்ற ஒரே வகையாக வைத்துக்கொண்ட இடங்களில், ஆர்.ஓ. ரிஜெக்டைக் கடினத்தன்மையும் நிறமும் நீக்கி, உவர்நீராகவே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்ப முடிந்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. உப்பாகக் காய்ச்ச வேண்டிய அளவு அங்கே பெரிதும் குறைந்தது. வாணியம்பாடியிலும் அதே சவ்வுகள்தான், அதே ஆவியாக்கிகள்தான். தோலைச் சுழற்றிப் பதனிடும் டிரம்மில் போடும் பொருள்களே வேறு.

இரண்டு உப்புகளைப் பிரிப்பது

கலந்தது கலந்துவிட்டது, இனிப் பிரிக்கலாமா என்றால், பிரிக்கலாம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி நானோ வடிகட்டி. இந்தச் சவ்வு இரட்டை மின்னேற்றமுள்ள சல்பேட்டை 95 விழுக்காட்டுக்கு மேல் தடுத்து நிறுத்தும், குளோரைடைப் பெரும்பாலும் கடந்துபோக விடும். ஒரு பக்கம் சாப்பாட்டு உப்புக் கரைசல், மறுபக்கம் சல்பேட் செறிந்த கரைசல். கால்சியம் முன்கூட்டியே நீக்கப்படாவிட்டால் சல்பேட் பக்கத்தில் ஜிப்சம் கட்டிச் சவ்வு சில வாரங்களில் அடைந்துவிடும். ஜிப்சம் லிட்டருக்கு இரண்டு கிராம் சொச்சமே தூய நீரில் கரையக்கூடியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதனால் சலவைச் சோடாவால் மென்மையாக்குவதும், கரிம நிறத்தை ஓசோனாலோ கரித்தூளாலோ குறைப்பதும் சவ்வுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி குளிர்வித்தல். சாப்பாட்டு உப்பின் கரைதிறன் வெப்பத்தோடு அதிகம் மாறுவதில்லை: 0 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீருக்கு 35.7 கிராம், 100 டிகிரியில் 39. சோடியம் சல்பேட் அப்படியில்லை. 0 டிகிரியில் 5 கிராமுக்குள், 20 டிகிரியில் 19.5 கிராம், 32.4 டிகிரியில் கிட்டத்தட்ட 50 கிராம், அதற்கு மேல் சூடாக்கினால் மெல்லக் குறையும். ஆகவே செறிந்த கலவையை 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் சல்பேட் பத்து நீர்மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு கிளாபர் உப்பாகப் படிகமாகும், குளோரைடு கரைசலிலேயே நிற்கும். படிகத்தைச் சுழல் வடிப்பானில் பிழிந்து, குறைந்த அளவு குளிர்நீரால் கழுவ வேண்டும். தாராளமாகக் கழுவினால் படிகமே கரைந்து போய்விடும். கிளாபர் உப்பின் எடையில் 56 விழுக்காடு தண்ணீர் என்பதால் அப்படியே விற்பது தண்ணீரை விற்பதற்குச் சமம். 32.4 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது தன் தண்ணீரிலேயே கரைந்து, நீரற்ற சல்பேட்டைக் கீழே விடும். சாயப் பட்டறை, சோப்புத்தூள், கண்ணாடி ஆகிய மூன்றுக்கும் அதுதான் வேண்டும். வேலூர் வெயிலில் 5 டிகிரிக்குக் குளிர்விக்கும் மின்செலவைக் கணக்கில் எடுத்தே முடிவு செய்ய வேண்டும். நானோ வடிகட்டியின் சல்பேட் பக்கத்தை மட்டும் குளிர்வித்தால் குளிர்விக்க வேண்டிய அளவு வெகுவாகக் குறையும்.

கலவையை அப்படியே கொதிக்க வைத்துப் பிரிக்க முயல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். சூட்டில் இரண்டு உப்புகளும் அடுத்தடுத்து இறங்கும், எல்லைக்கோடு தெளிவாகக் கிடைக்காது. கரிமம் மிகுந்தால் நுரை பொங்கி, வடிநீரோடு உப்பும் கிளம்பிவிடும். கடைசியில் மிஞ்சும் பாகு போன்ற நீர் உலரவே மறுக்கும். அதை மறுபடி தொடக்கத்துக்கே விட்டுக்கொண்டிருந்தால் அழுக்கு சுற்றிச் சுற்றிச் செறியும்.

மீண்டும் டிரம்முக்குள்

இந்தப் பகுதியில் மீட்ட உப்புக்கு மிகப் பொருத்தமான இடம் பிக்கிள்தான். ஷாப்பின் அன்றாட உப்புத் தேவை பெரிது, உப்புக்கு வேண்டிய தூய்மை ஓரளவு போதும், தூரமும் குறைவு.

பிக்கிளில் உப்பு எதற்கு? சுண்ணாம்பு நீக்கிய தோலில் அமிலம் பட்டால் அது ஊதிப் பெருத்து, நார் அமைப்பு கெட்டுவிடும். உப்பு அந்த வீக்கத்தைத் தடுக்கிறது. 1,000 கிலோ தோலுக்கு 800 லிட்டர் தண்ணீர், 100 கிலோ உப்பு என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நீர் 11 டிகிரி போமே காட்டும். தோலுக்குள்ளேயே எழுநூறு லிட்டருக்கு மேல் நீர் இருப்பதால், டிரம் சுற்றச் சுற்ற அது 6 டிகிரிக்கு அருகில் வந்து நிற்கும். 6-க்குக் கீழே போனால் அமிலம் விடக் கூடாது. பிறகு 12 முதல் 15 கிலோ கந்தக அமிலத்தைப் பத்து மடங்கு குளிர்ந்த நீரில் விட்டு ஆற வைத்து, 20 நிமிட இடைவெளியில் மூன்று தவணையாகக் கொடுப்பது வழக்கம். அமிலத்தைத்தான் நீரில் விட வேண்டும், நீரை அமிலத்தில் விடக் கூடாது. அமிலத்தோடு நுழையும் நூற்றைம்பது லிட்டர் நீரும் போமேயை இறக்கும் என்பதை முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும். முடிவில் பி.எச். 2.8 முதல் 3.0. தோலின் தடித்த பகுதியை வெட்டி, வெட்டுமுகத்தில் புரோமோகிரிசால் பச்சைத் துளி விட்டால் முழுவதும் மஞ்சளாக வேண்டும்.

புது உப்புக்குப் பதில் மீட்ட உவர்நீரை விடும்போது நான்கு இடங்களில் வேலை கெடும்.

போமே மானி முதலாவது. அது உப்பை அளப்பதில்லை, அடர்த்தியை அளக்கிறது. 10 விழுக்காடு சாப்பாட்டு உப்புக் கரைசல் கிட்டத்தட்ட 10 டிகிரி காட்டும், 10 விழுக்காடு சோடியம் சல்பேட் 12 டிகிரி காட்டும். வீக்கத்தைத் தடுப்பதற்கு வேண்டிய துகள் எண்ணிக்கையிலோ, எடைக்கு எடை சல்பேட் வெகுவாகப் பின்தங்கியது. மானி 11 காட்டுகிறது என்று நம்பி அமிலம் விட்டால், கலவை உப்பில் தோல் ஊதிவிடும். மானியோடு வெள்ளி நைட்ரேட் சோதனையில் குளோரைடையும் பார்த்துவிட்டுத்தான் உவர்நீரை ஏற்க வேண்டும்.

இரண்டாவது காரத்தன்மை. ரிஜெக்ட் நீரில் பைகார்பனேட் மிகுதி. அது அமிலத்தைக் குடித்து கார்பன் டை ஆக்சைடைக் கிளப்பும். பி.எச். இறங்காது, மூடிய டிரம்முக்குள் அழுத்தமும் ஏறும். உவர்நீரைத் தொட்டியிலேயே பி.எச். 5 வரை அமிலமாக்கி, காற்றுக் குழாய் விட்டுக் கலக்கி வாயுவை வெளியேற்றிவிட வேண்டும்.

மூன்றாவது உயிருக்கே ஆபத்தானது. உவர்நீரில் சல்பைடு சிறிதளவு எஞ்சியிருந்தாலும் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஈய அசிடேட் காகிதம் கறுத்தால் அந்தத் தொட்டி நீரை அமிலம் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மேலே சொன்ன அமிலமாக்கும் வேலையையும் இந்தச் சோதனைக்குப் பிறகு, திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும். மூக்கை நம்பக் கூடாது, செறிவு ஏறினால் அந்த வாயு மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும்.

நான்காவது இரும்பும் பழைய குரோமும். இரும்பு, தாவரப் பட்டை போட்ட தோலில் நீலக்கறுப்புக் கறையாக வரும். ஆவாரம் பட்டையில் பதனிடும் இடங்களில் மீட்ட உப்பை அண்ட விடாமல் இருப்பதே நல்லது. குரோம் கலந்த உவர்நீர், வெளிர் நிறத் தோலில் திட்டுத் திட்டான நிறத்தைத் தரும். உவர்நீரைப் பி.எச். 9.5 வாக்கில் காரமாக்கி ஓர் இரவு தெளிய விட்டால் இரண்டும் பெரும்பாலும் கீழே இறங்கிவிடும். அடியிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்த குழாய் வழியாகத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும்.

ஆவியாக்கி வரைக்கும் போகாமலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உவர்நீர் மறுபயன்பாட்டில் முதலில் கைவைக்க வேண்டியதும் இதுதான். குரோம் டிரம்மிலிருந்து வடியும் நீரைத் தனித் தொட்டியில் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் பி.எச். 8 முதல் 8.5 வரை ஏற்றினால் குரோம் இறுகிய படிவாக அமரும். அது கந்தக அமிலத்தில் கரைந்து மறுபடி குரோம் திரவமாகும். மேலே நிற்கும் தெளிந்த நீரில் பிக்கிளின் உப்பு அப்படியே இருக்கிறது. அதையே அடுத்த நாள் பிக்கிளுக்கு எடுத்து, குறையும் உப்பை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். சல்பேட் சுற்றுக்குச் சுற்று ஏறும் என்பதால் காலவரையின்றி ஓட்ட முடியாது. குளோரைடுச் சோதனையில் பங்கு குறைந்துவிட்டதென்று தெரிந்த அன்று ஒரு பகுதியை வெளியேற்றிவிட வேண்டும். இப்படி ஷாப்புக்குள்ளேயே சுற்றும் உப்பு சாக்கடையில் இறங்குவதில்லை, சவ்வுக்கும் போவதில்லை, கொட்டகைக்கும் வருவதில்லை.

மீட்ட உப்பைப் பச்சைத் தோலுக்குத் தூவலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கூடாது. மக்னீசியம், கால்சியம் கலந்த உப்பு காற்றில் ஈரம் இழுக்கும். கரிமம் ஒட்டிய உப்பில் உப்பை விரும்பும் கிருமிகள் பெருகி, தோலின் சதைப்பக்கத்தில் சிவப்புத் திட்டுகளாகத் தெரியும். அப்படிச் சிவந்த தோல் விலை போகாது.

வேறு சில இடங்கள்

பாய்லருக்குப் போகும் நீரின் கால்சியத்தைப் பிடித்து மென்மையாக்கும் ரெசின் மணிகளை மீளுருவாக்க 8 முதல் 10 விழுக்காடு உப்புக் கரைசல் வேண்டும், ஒரு லிட்டர் ரெசினுக்கு 100 முதல் 160 கிராம் உப்பு. நானோ வடிகட்டியைக் கடந்த குளோரைடுப் பக்கம், கடினத்தன்மை நீக்கிச் செறிவாக்கிய பிறகு, இதற்குப் பொருந்தும். சல்பேட் கலந்த உவர்நீரை விட்டால் ரெசினிலிருந்து வெளியேறும் கால்சியம் அங்கேயே ஜிப்சமாகிப் படுகையைக் கட்டியாக்கிவிடும். கட்டியான ரெசினைக் காப்பாற்றுவதைவிட மாற்றுவது எளிது.

மின்னாற்பகுப்பில் ஹைப்போகுளோரைட் தயாரிப்பது இன்னொரு வழி. சுமார் 3 விழுக்காடு உப்புக் கரைசல், ஒரு கிலோ குளோரினுக்கு மூன்று கிலோ சொச்சம் உப்பு. தோல் உவர்நீரில் அம்மோனியா எஞ்சியிருக்கும், அது குளோரினைத் தின்றுவிடும். கடல் உவர்நீரில் புரோமைடு இருக்கிறது, அது புரோமேட்டாக மாறக்கூடும். இரண்டுமே ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றவையல்ல, சுத்திகரிப்பு நிலையத்தின் சொந்தத் தேவைக்கு மட்டும் சரி. இருமுனைச் சவ்வு மின்பிரிப்பில் சோடியம் சல்பேட்டைக் காஸ்டிக்காகவும் கந்தக அமிலமாகவும் உடைக்கலாம். இரண்டுமே தோல் ஷாப்புக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் வேண்டிய பொருள்கள். ஆனால் கால்சியமும் மக்னீசியமும் மிகச் சிறிதளவு இருந்தாலும் அந்த விலை உயர்ந்த சவ்வு பாழாகும்.

சாலைப் புழுதிக்குத் தெளிப்பது, தென்னந்தோப்புக்கு விடுவது போன்ற யோசனைகளை மறுபயன்பாடு என்று சொல்லக் கூடாது. உப்பு எங்கும் போவதில்லை, அடுத்த மழையில் கிணற்றுக்கு வந்துவிடும்.

காய்ச்சும் செலவு

வெயிலில் உலர்த்தும் பாத்திகள் மலிவாகத் தோன்றும். மழையைக் கழித்து நாளுக்கு நிகரமாக 4 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தாலும், நாளுக்கு 100 கனமீட்டர் உவர்நீருக்கு 25,000 சதுர மீட்டர், அதாவது ஆறு ஏக்கருக்கு மேல் வேண்டும். உவர்நீர் செறியச் செறிய ஆவியாகும் வேகமும் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி நிரம்பி வழிந்தால் பிளாஸ்டிக் விரிப்பு போட்டும் பயனில்லை.

பல கட்ட ஆவியாக்கியில் ஒரு கிலோ நீராவி நான்கு கட்டங்களில் மூன்று கிலோ சொச்சம் நீரை ஆவியாக்கும். நிறைவுற்ற உப்புக் கரைசல் 108 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் வெப்ப இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். வெளிவரும் நீராவியையே அழுத்திச் சூடேற்றி மறுபடி பயன்படுத்தும் நீராவி அழுத்தி வகை, கனமீட்டருக்கு 20 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கேட்கும். கடல்நீர் ஆர்.ஓ.வுக்கே 3, 4 யூனிட்தான். குழாய்களுக்கு 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு போட்டுச் செலவைக் குறைக்கப் பார்ப்பார்கள். சூடான குளோரைடில் அது புள்ளி புள்ளியாக அரிக்கும், இழுவிசை உள்ள இடத்தில் விரியும். டைட்டானியமோ டூப்ளெக்ஸ் எஃகோ போட்டால் முதல் செலவு கூடும், ஆனால் ஆலை நிற்காமல் ஓடும்.

புது உப்பு மலிவு. மீட்ட உப்பை விலையில் அதோடு போட்டியிட வைத்தால் எப்போதும் தோற்கும். கணக்கை வேறு இடத்தில் தொடங்க வேண்டும்: பிக்கிளுக்குத் திரும்பும் ஒவ்வொரு கனமீட்டர் உவர்நீரும் விறகையும் மின்சாரத்தையும் மூட்டையையும் கொட்டகை இடத்தையும் மிச்சப்படுத்துகிறது.

அதைவிடவும் மலிவானது, உப்பு நீரில் கரையும் முன்பே அதைப் பிடிப்பது. உப்புத் தோலை ஊற வைப்பதற்கு முன் மரச்சட்டத்தின்மேல் ஓங்கி அடித்தோ, வலை டிரம்மில் உருட்டியோ ஒட்டாத உப்பை உதிர்த்துவிடலாம். உதிர்த்த உப்பில் முடியும் ரத்தமும் கிருமியும் இருக்கும். அதைத் தூவலுக்குத் திருப்பாமல் தொட்டியில் கரைத்து, மேலே மிதப்பதை வழித்து, காரமாக்கித் தெளியவிட்டுப் பிக்கிளுக்கு எடுக்க வேண்டும். முதல் ஊறல் நீரைத் தனிக் கால்வாயில் விடுவதும் கட்டாயம், மொத்த ஊறலில் கரையும் உப்பின் பெரும்பகுதி அந்த ஒரே நீரில் இருக்கிறது. சல்பேட்டைக் குறைக்க விரும்பினால் அம்மோனியம் சல்பேட்டுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடால் சுண்ணாம்பு நீக்கலாம். தடித்த மாட்டுத்தோலில் நேரம் கூடுதலாகும், ஆட்டுத்தோலில் அந்தத் தொல்லை குறைவு.

சுத்திகரிப்பு நிலையமும் ஷாப்பும் மீட்ட உவர்நீரைக் கைமாற்றிக்கொள்ளும்போது ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை: குளோரைடு, சல்பேட், கடினத்தன்மை, காரத்தன்மை, இரும்பு, மொத்தக் குரோமியம், சல்பைடு, கரிம அளவு, நிறம். ஒவ்வொரு தொட்டிக்கும் தனித் தாள், தேதியோடு. கலவை சராசரி எடுத்து மாதத்துக்கு ஒரு தாள் கொடுத்தால் அதை நம்பி எந்த மேஸ்திரியும் டிரம்மில் விடமாட்டார், விடவும் கூடாது. தாளில் ஒரு எண் எல்லை தாண்டினால் அந்தத் தொட்டி மட்டும் ஆவியாக்கிக்குப் போகட்டும். மற்றத் தொட்டிகளோடு அதைக் கலந்து சமாளிக்கப் பார்க்கக் கூடாது.